விசிறிகள் எம்பிய ஊர்

கல்லுமடை என்ற ஊரில், பங்குனி வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்த ஒரு மாலை நான்கு மணிக்கு, பொறியியல் கல்லூரி மைதானத்திலிருந்து ஷமீமா என்ற மூன்றாம் ஆண்டு மாணவி செய்த ட்ரோன் முதன்முதலாக மேலே எழுந்தபோது, மைதானத்தைப் பார்த்தபடி இருந்த வடக்குத் தெருவின் பதினேழு வீடுகளிலும் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாமும் எம்பின.

பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு விரற்கடை உயரம்தான். கொக்கியில் தொங்கிய ராடு ‘டக்’ என்று மேலே இடித்தது. டீத் தம்ளர்களில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. ட்ரோன் தரையில் இறங்கியதும் மறுபடி ஒரு ‘டக்’ என்று பழைய இடத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டதைப் போல விசிறிகள் தொடர்ந்து சுற்றின. அண்ணாந்து பார்த்தவர்கள் பாலாடையை ஒதுக்குவதைப் போலச் சுண்ணாம்பை விரலால் ஒதுக்கிவிட்டு டீயைக் குடித்தார்கள்.

ஏன் எம்பின என்று ஊருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிற ஒன்று, தன்னில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நான்கு சின்ன இறக்கைகள் ஆகாயத்துக்குப் போவதைப் பார்த்தால் அதற்கு வேறு என்ன வரும்? பொறாமைதான். கல்லூரியில் துறைத்தலைவராக இருந்த சந்திரமோகன் சாரிடம் ஒரு மாணவன் இதற்கு விளக்கம் கேட்டபோது, அவர் கரும்பலகையில் ஒரு விசிறியை வரைந்து கீழ்நோக்கி அம்புக்குறி போட்டு, “கூரை விசிறி காத்தைக் கீழ தள்ளுது. அப்ப அது மேல போக வேண்டியதுதானே? இத்தனை வருஷமா போகாம இருந்துச்சே, அதுக்குக் காரணம் கேளு” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

ஷமீமா தினமும் நான்கு மணிக்குப் பறக்கவிட்டாள், ஊர் அதற்கேற்ப ஒழுங்குபட்டது. மேசை விசிறிகள் காற்றை முன்னால் தள்ளுகிறவை என்பதால் அவை பின்னால் நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும் என்றும், கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் இறக்கை இல்லாததால் அவற்றுக்கு அந்த ஆசை கிடையாது என்றும், மின்சாரம் நின்றுவிட்டால் பொறாமையும் நின்றுவிடும் என்றும் பத்து நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான்கு மணிக்குத் தொட்டிலை விசிறிக்கு அடியில் கட்டாதீர்கள் என்று பேரூராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். தபால் நிலையத்துக்கு எதிர்வீட்டு ராஜேஸ்வரி அம்மாள், பதினைந்து வருடம் உழைத்த விசிறியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்து, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். பிறகு, ட்ரோன் கண்ணுக்கே தெரியாத தெற்குத் தெருக்களிலும் விசிறிகள் எம்பத் தொடங்கின. பார்த்தவர்களைவிடக் கேள்விப்பட்டவர்களுக்குத்தானே பொறாமை அதிகம். “எங்க வீட்டுது நேத்து எம்புன எம்புல செவுத்துல மாட்டுன காலண்டர் கீழ விழுந்துருச்சுங்க” என்று ஒருவர் மார்தட்ட, எம்பாத விசிறி வைத்திருந்தவர்கள் அவரைப் பார்க்காமல் தெருவைக் கடந்தார்கள்.

அந்த ஊரில் யாருடைய வீட்டு விசிறியையும்விட அதிகமாகப் பொறாமைப்பட்டவள் கோகிலவாணி.

கோகிலவாணியும் ஷமீமாவும் முதலாண்டில் ஒரே பெஞ்சு. இருவரும் சேர்ந்துதான் முதல் ட்ரோனைச் செய்தார்கள். ஷமீமா ரிமோட்டைப் பிடித்து வானத்தைப் பார்த்தபடி நிற்பாள். ட்ரோனை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்பதால், கோகிலவாணி பின்னால் நின்று அவள் தோளில் கை வைத்து, “இடது பக்கம் வா, கல்லு இருக்கு, ஒரு படி, இன்னொரு படி” என்று நடத்திக்கொண்டு போவாள். ஒருத்திக்கு வானம், ஒருத்திக்குத் தரை. அப்படி இரண்டு வருடம் போனது. மூன்றாம் ஆண்டில் மாநில அளவில் மாணவர்களுக்கான ட்ரோன் போட்டி அறிவிக்கப்பட்டது. அந்தந்தக் கல்லூரி மாணவர்களே வடிவமைத்துச் செய்த ட்ரோன், ஒரு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று வளையங்களுக்குள் நுழைந்து, வட்டத்துக்குள் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு கல்லூரிக்கு ஒரு ட்ரோன், ஒரு ட்ரோனுக்கு ஒரு ஆள். அந்த ‘ஒரு’ என்ற சொல்லைப் படித்த அன்று சாப்பாட்டு வேளையில் இருவரும் ஒரே டிபன் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றார்கள். மறுநாள் தனித்தனி டப்பா.

ஷமீமா, விளையாட்டு அறையில் உடைந்து கிடந்த பூப்பந்து மட்டைகளின் காம்புகளை அறுத்து நான்கு கை செய்தாள், வயர்களை ரப்பர் பேண்டால் கட்டினாள், அதற்குத் ‘தட்டான்’ என்று பெயரும் வைத்தாள்; விசிறிகளை எம்ப வைத்தது இதுதான். கோகிலவாணி செய்தது அவளுடைய ஏழாவது ட்ரோன். ஆறு ட்ரோன்களின் தவறுகளையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகத் திருத்தி, ஒரு வயர்கூடத் தொங்காமல், ஒரு திருகுகூடத் துருத்தாமல் செய்தாள். அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. ஏழாவது என்றே சொல்வாள்.

ஏழாவது முதன்முதலாகப் பறந்த அன்று, வடக்குத் தெருவில் ஒரு விசிறியும் அசையவில்லை.

அது நேராக எழுந்தது, நடுக்கமில்லாமல் நின்றது, கோடு போட்டதைப் போலப் போய் வந்தது. இறங்கியபோது கோகிலவாணி ட்ரோனைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தாள். ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “இல்லீங்க, எங்களுது சும்மாதான் சுத்துது” என்றாள், கோகிலவாணி கேட்காமலே.

கோகிலவாணியின் அப்பா அங்கமுத்து, கடைவீதியில் விசிறிகளுக்கும் மோட்டார்களுக்கும் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அன்று முதல் அவள் தினமும் கடைக்குப் போய், கூரை விசிறியை ஐந்தில் வைத்து, அதற்கு நேர் கீழே ஏழாவதைப் பறக்கவிட்டாள். பழைய காயில்களும் கழற்றிய இறக்கைகளும் அடுக்கியிருந்த அந்தச் சின்ன இடத்தில் ஏழாவது எதிலும் படாமல் எழுந்து நின்றது. மேலே விசிறி, எதிரில் எவரோ போவதைப் பார்த்தும் பாராத பெரிய மனிதரைப் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பது நாள் அப்படி.

“அது பழைய ஃபேனு அம்மிணி, பேரிங் தேஞ்சு கெடக்குது. அதுக்கு எங்க இருந்து ரோசம் வரும்?” என்றார் அங்கமுத்து.

“நாலு மணிக்கு மட்டும் எப்படிங்கப்பா வருது?”

அவர் குனிந்து காயிலைச் சுற்றினார்.

ஷமீமாவின் வெற்றியைக்கூட அவளால் பொறுத்திருக்க முடியும். தன்னைப் பார்த்து ஒரு பொருளுக்குக்கூடப் பொறாமை வரவில்லையே என்பதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. தேர்வில் தன்னைவிட இரண்டு மதிப்பெண் குறைவாக வாங்கியும் ஷமீமா கேண்டீனில் சிரித்தாள் என்றால், அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு போய் இவள் இரவெல்லாம் அரைத்தாள். யாராவது “தட்டான்” என்று சொன்னால் உடனே ஏழாவதின் பற்றவைப்புகளை மறுபடி சரிபார்த்தாள். ஒரு நாள் ஷமீமாவே அவள் மேசைக்கு வந்து, “எப்படிடி வயரை இவ்வளவு நேரா வச்சிருக்கே? சொல்லிக் குடேன்” என்று கேட்டபோது, “உனக்கெதுக்குடி, உனக்குத்தான் ஊரே ஆடுதே” என்றாள் கோகிலவாணி. ஷமீமா தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

கல்லூரியிலிருந்து எந்த ட்ரோன் போவது என்று முடிவுசெய்யும் போட்டியை ஆடி மாதத்தில் வைத்தார்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது ட்ரோனை நம்பி வெளியே விட முடியாது என்பதால், கலையரங்கத்துக்குள் வளையங்களைத் தொங்கவிட்டார்கள். கலையரங்கத்தில் இருபத்து நான்கு விசிறிகள். ஆயிரம் பேர் உட்காரும் இடம் என்பதால் எல்லா விசிறிகளின் பின்களும் புதிதாக இருக்க வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சொல்லி, அந்த வேலை அங்கமுத்துவின் கடைக்கு வந்தது.

பின் என்பது சின்னப் பொருள். விசிறியின் ராடு கொக்கியில் ஒரு போல்ட்டினால் தொங்குகிறது. அந்தப் போல்ட் நகர்ந்து கழன்றுவிடாமல் இருக்க, அதன் முனையில் உள்ள துளையில் ஒரு பின்னைச் செருகி, பின்னின் இரண்டு கால்களையும் விரித்து மடக்கிவிடுவார்கள். சும்மா சுற்றுகிற விசிறி, பின் இல்லாமலும் சில நாள் தொங்கும். எம்பி எம்பி உட்காருகிற விசிறி தொங்காது.

“நான் போட்டுட்டு வர்றேனுங்கப்பா, நீங்க கடையைப் பாருங்க” என்றாள் கோகிலவாணி. போட்டி நாளன்று எல்லோரும் சாப்பிடப் போயிருந்த வேளையில், ஏணியை ஒவ்வொரு விசிறிக்கு அடியிலும் நகர்த்தி, மூக்குக் குறடால் இருபத்து நான்கு பழைய பின்களையும் உருவினாள். புதிய பின்களைப் போடவில்லை. உருவியவற்றை எறிந்துவிட அவளுக்கு மனம் வரவில்லை, விசிறிக்கடைக்காரர் மகள் அல்லவா. வெள்ளை லேப் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டாள். விசிறிகள் மேலே போகுமே தவிரக் கீழே வராது, கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும், நடுவர்கள் பயந்து பறப்பை நிறுத்துவார்கள், தட்டான் ஆபத்தானது என்று எழுதுவார்கள், அவ்வளவுதான், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று ஏணியின் ஒவ்வொரு படியிலும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொறாமை கண்ணை மறைக்கும் என்பார்கள். அவளுக்கு அது கண்ணை மறைக்கவில்லை; கொக்கியையும் போல்ட்டையும் துல்லியமாகக் காட்டியது, அதற்கு அப்புறம் நடக்கப்போவதை மட்டும் மறைத்தது.

சீட்டுக் குலுக்கியதில் கோகிலவாணி முதலில் வந்தாள். ஏழாவது எழுந்தது, பெட்டியைத் தூக்கியது, மூன்று வளையங்களின் நடுப்புள்ளியிலும் நுழைந்தது, வட்டத்தின் மையத்தில் பெட்டியை வைத்தது, திரும்பி வந்து தான் புறப்பட்ட சுண்ணாம்புக் குறியின் மேலேயே இறங்கியது. மூன்று நடுவர்களும் முழு மதிப்பெண் போட்டார்கள். அதுவரை அரங்கத்தில் இருந்த ஆயிரம் பேரும் விசிறிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை சுற்றிக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரி எல்லோரும் மரியாதையாகக் கை தட்டினார்கள்.

பிறகு ஷமீமா வந்தாள். தட்டான் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரப்பர் பேண்டுகள் அதிர, திடீரென்று துள்ளி எழுந்தது. இருபத்து நான்கு ராடுகளும் ‘டக்’ என்றன. அரங்கம் ஓவென்று கத்தியது. தட்டான் முதல் வளையத்தைத் தாண்டியபோது இன்னொரு ‘டக்’. இரண்டாவதைத் தாண்டியபோது மேலே இருந்து ஒரு போல்ட் விழுந்து யாருடைய மடியிலோ உருண்டது. பிறகு மழைக்கு முன்னால் விழும் துளிகளைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போல்ட்டுகள் விழுந்தன. விசிறிகள் கொக்கியை விட்டு எழுந்து, வயர் மட்டும் தொப்புள்கொடி போலத் தொங்க, கூரையில் போய் வௌவால்களைப் போல ஒட்டிக்கொண்டு சுழன்றன.

நடுவர்கள் பயப்படவில்லை. மூன்று பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இவ்வளவு பெரிய பொறாமையை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

அப்போது அட்டெண்டர் பொன்னுரங்கம் தரையில் கிடந்த போல்ட்டைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். கரண்ட் சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் கல்லுமடையில் ஒவ்வொருவரும் முதலில் என்ன செய்வார்களோ அதையே செய்தார். “மெயினை ஆஃப் பண்ணு!” என்று கத்திக்கொண்டு மேடைக்குப் பக்கத்திலிருந்த மெயின் பெட்டியை நோக்கி ஓடினார்.

கோகிலவாணிக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. விசிறிகளை இப்போது கொக்கி தாங்கவில்லை, போல்ட் தாங்கவில்லை. அவற்றின் பொறாமை மட்டுமே தாங்கிக்கொண்டிருந்தது, மின்சாரம் நின்றால் பொறாமை நிற்கும், தட்டான் இறங்கினாலும் நிற்கும், அடியில் ஆயிரம் தலைகள். அவள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி, மெயின் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

“தள்ளு அம்மிணி!”

“தொடாதீங்கண்ணா! கரண்ட் போனா எல்லாம் தலையில விழும். பின் இல்லைங்க.”

“ஒண்ணு ரெண்டுல இருக்காது, தள்ளு!”

“இருபத்தினாலுலயும் இல்லைங்க.”

“அது உனக்கெப்படித் தெரியும்?”

முதல்வரும் நடுவர்களும் அவளைப் பார்த்தார்கள். இன்னும் ஒரு பொய்க்கு நேரம் இருந்திருந்தால் அவள் சொல்லியிருக்கவும் கூடும். லேப் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, ஒரு பிடி பின்களை எடுத்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

 பொன்னுரங்கம் பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

“ஷமீ, இறக்கிடாதே!” என்று கோகிலவாணி கத்தினாள். “இறக்கினா விழும்!”

“பேட்டரி மூணு நிமிஷம்தான்டி இருக்கு!” ஷமீமா கண்ணை எடுக்காமல் கத்தினாள்.

மூன்று நிமிடத்தில் ஆயிரம் பேர் நான்கு கதவுகள் வழியாக வெளியே போனார்கள். கல்யாணப் பந்தியில் இடம்பிடிக்க ஓடிப் பழகிய ஊர் என்பதால் அது முடிந்தது. கடைசியில் ஷமீமா மட்டும் நடு அரங்கத்தில் நின்றாள். அவள் கண்ணை எடுத்தால் தட்டான் சுவரில் மோதும். கோகிலவாணி உள்ளே ஓடி, அவள் பின்னால் நின்று, தோளில் கை வைத்தாள். அந்தத் தோள் விறைத்தது, ஆனால் விலகவில்லை.

“பின்னால வா. இடது பக்கம் நாற்காலி. இன்னும் வா. ஒரு படி. இன்னொரு படி. வாசல்.”

வாசலைத் தாண்டியதும் ஷமீமாவின் கையில் ரிமோட் கீச்சென்றது. தூரத்தில், யாருமில்லாத அரங்கத்தின் நடுவில், தட்டான் தள்ளாடி இறங்கித் தரையைத் தொட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இருபத்து நான்கு விசிறிகளும் விழுந்தன. அதில் மூன்று, வேறு எங்கும் விழாமல் தட்டானின் மேலேயே விழுந்தன.

முதல்வர் அன்று மாலையே தீர்ப்புச் சொன்னார். கல்லூரியில் முழுதாக இருப்பது ஒரு ட்ரோன்தான், ஆகவே ஏழாவது போகும், கோகிலவாணி போகமாட்டாள், ஏழாவதை ஷமீமா பறக்கவிடுவாள், இருபத்து நான்கு விசிறிகளையும் கோகிலவாணி தன் கையால் சரிசெய்து மாட்ட வேண்டும். அங்கமுத்து மகளிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் காட்டிய பின்களை வாங்கி எண்ணிப் பார்த்து, “எல்லாம் துருப்புடிச்சதுதான், இதை மாத்தோணும்னுதான் சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடையை அடைத்தார்.

ஊர் அந்த இழப்புக்கும் பழகியது. மாலை நான்கு மணிக்குச் சிலர் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார்கள். தொட்டில்கள் விசிறிக்கு அடியில் திரும்ப வந்தன. ராஜேஸ்வரி அம்மாள் வைத்த பொட்டு சுற்றிச் சுற்றி உதிர்ந்துபோனது.

பன்னிரண்டாம் நாள், சென்னைக்குக் கிளம்பும் வழியில், ஷமீமா ஏழாவதை வாங்கிப் போகக் கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வா” என்றாள் கோகிலவாணி.

“வரலை. குடு, போறேன்.” வாங்கியவள் போகாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ராத்திரி தூக்கம் வரலடி. என்னோடதுன்னா எங்க இழுக்கும், எங்க கோணும்னு தெரியும், சமாளிப்பேன். இதுல ஒரு கோணலும் இல்ல. எது கெட்டாலும் அது நான் கெடுத்ததாத்தான் இருக்கும்.”

“ரெண்டாவது வளையத்துக்கு முன்னாடி நீ அவசரப்படுவே. அவசரப்படாதே.”

“எப்படித் தெரியும்?”

“ரெண்டு வருஷம் உன் தோளைப் பிடிச்சிட்டு நின்னிருக்கேன்.”

 தட்டானைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஷமீமா நின்று பேசியது மன்னிப்பு அல்ல என்பது கோகிலவாணிக்குத் தெரிந்தது.

மாநிலப் போட்டி சென்னையில், ஆவணி மாதத்து ஒரு வியாழக்கிழமை. அன்று கோகிலவாணி கலையரங்கத்தில் ஏணியின் மேல் நின்று இருபத்து நான்காவது விசிறியை மாட்டி, போல்ட்டைச் செருகி, புதிய பின்னைப் போட்டு, அதன் இரண்டு கால்களையும் விரித்து மடக்கினாள். இறங்கி ஏணியை ஓரமாகச் சாய்த்ததும், அங்கமுத்து மெயினைப் போட்டு எல்லாச் சுவிட்சுகளையும் தட்டினார். விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் பிடித்தன. காலி நாற்காலிகளின் மேல் காற்று இறங்கியது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பது.

டக்.

இருபத்து நான்கு ராடுகளும் ஒன்றாக இடித்தன. புதிதாகப் பூசிய சிமெண்ட் தூள் அவள் தலையில் உதிர்ந்தது. வெளியே, வடக்குத் தெருவில் யாரோ “ஏனுங்க, எம்புதுங்கோ!” என்று கூவினார்கள், அந்தக் கூவல் வீடு வீடாகத் தெற்கே ஓடியது.

அங்கமுத்து சுவிட்சுப் பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தார். “என்ன அம்மிணி இது? அந்தப் புள்ளையோடதுதான் ஒடஞ்சு போச்சே?”

“ஒடஞ்சு போச்சுங்கப்பா. இது என்னோடது.”

சொல்லும்போதே அவளுக்கு, சென்னையில் ஏதோ ஒரு பெரிய மைதானத்தில் ஏழாவது எழுந்து நிற்பதும், அதன் நிழல் நேராக விழுவதும், ரிமோட்டின் மேல் தன் விரல்கள் இல்லாமல் வேறு விரல்கள் இருப்பதும் தெரிந்தது. இரண்டாவது வளையத்துக்கு முன்னால் ஷமீமா அவசரப்படவில்லை என்பதும் தெரிந்தது, ஏனென்றால் விசிறிகள் இன்னும் இறங்கவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று நெஞ்சுக்குள் எம்பி, விலா எலும்பில் டக்கென்று இடித்து, அங்கேயே நின்றது. அவள் எதையும் பிடித்துக்கொள்ளாமல் அரங்கத்தின் நடுவில், விசிறிகளுக்கு அடியில், அண்ணாந்து நின்றாள்.

நான்கு நிமிடம் கழித்து, எங்கோ ஏழாவது தரையிறங்கியது. டக் என்று விசிறிகள் உட்கார்ந்தன. இருபத்து நான்கு பின்களும் தாங்கின.